அடிப்பாகத்தையும் காட்டச் சொல்லுங்கள்

பழைய லயனல் பொம்மை ரயில்களைச் சேர்க்கிறவர்களுக்கு ஈபே ஏலம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? இந்தக் கேள்வியோடுதான் குளிர்காலம் முழுக்க அந்தச் செயலியைப் புரட்டினேன். தேடிக் கொடுப்பதில் அதற்கு நிகர் இல்லை. விலை படியும் விதத்திலும் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. ஆனால் எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால், செயலியிடம் பதில் இல்லை. அதைக் கண்டுபிடிப்பது முழுக்க நம் பொறுப்பு. ஏலம் முடிவதற்கு முன்பே கண்டுபிடித்தாக வேண்டும்.

லயனல் பற்றி இரண்டு வார்த்தை. ஜோஷுவா லயனல் கோவன் 1900ல் நியூயார்க்கில் தொடங்கிய நிறுவனம் அது. போர் முடிந்த 1945லிருந்து, ரயில் தயாரிக்கும் உரிமம் ஜெனரல் மில்ஸுக்குப் போன 1969 வரை வந்தவற்றைச் சேகரிப்பாளர்கள் ‘போஸ்ட்வார்’ என்று தனியாகப் பிரித்துக் கொண்டாடுகிறார்கள். மூன்று தண்டவாளம், நடுத் தண்டவாளத்தில் ஏ.சி. மின்சாரம், தூக்கினால் மணிக்கட்டுக்குத் தெரிகிற கனம். நான் தேடியது சான்டா ஃபே எஃப்3 டீசல் ஜோடி: வெள்ளி உடல், சிவப்பு மூக்கு, எண் 2343. எஃப்3 முதலில் 1948ல் 2333 என்ற எண்ணில் வந்தது. அதற்கான அச்சுச் செலவை ஜெனரல் மோட்டார்ஸும், சான்டா ஃபே, நியூயார்க் சென்ட்ரல் ஆகிய இரண்டு ரயில் நிறுவனங்களும் பங்கு போட்டுக்கொண்டன. அதனால்தான் அந்த இரண்டு நிறுவனங்களின் வண்ணங்களில் முதல் எஃப்3கள் வந்தன. 1950ல் வந்த 2343ல் மேக்னட்ராக்‌ஷன் சேர்ந்தது. சக்கரங்களுக்குக் காந்த சக்தி கொடுத்து, இரும்புத் தண்டவாளத்தை வழுக்காமல் பிடித்துக்கொள்ள வைக்கும் ஏற்பாடு அது.

ஈபே இல்லாத காலத்தில் இதைத் தேடுகிறவர் பென்சில்வேனியாவின் யார்க் நகரில் வருடத்துக்கு இரண்டு முறை கூடும் ரயில் சந்தைக்குப் போக வேண்டும், அல்லது பத்திரிகை விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். இன்றைக்குச் செயலியில் ‘2343’ என்று தட்டினால் போதும். தேடலைச் சேமித்து வைத்தால் புதிதாக ஒன்று வந்ததும் தொலைபேசியில் மணி அடிக்கிறது. எனக்கு அதிகம் பயன்பட்டது ‘விற்றவை’ என்ற வடிகட்டிதான். கடந்த 90 நாட்களில் எது என்ன விலைக்குப் போனது என்று படத்தோடு காட்டும். விற்பவர் கேட்கிற விலையும் கடைசியில் படிந்த விலையும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதை அதில் பார்த்தால் போதும், ‘அரிய பொருள்’ என்று தலைப்பில் போட்டிருப்பதெல்லாம் கண்ணில் படாமல் போய்விடும். எண் தெரியாமல் ‘பழைய ரயில்’ என்று மட்டும் எழுதி விற்கிறவர்களையும் தேடுங்கள். தாத்தாவின் வீட்டைக் காலி செய்கிற குடும்பங்கள் போடுகிற பட்டியல்கள் அப்படித்தான் இருக்கும். பரணில் இருந்து நேராக இறங்கிய, யாரும் கைவைத்துப் பழுது பார்க்காத எஞ்சின்கள் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கின்றன.

ஏலம் கேட்கிற முறையைப் புரிந்துகொள்ளாமல் இறங்கினால் கை சுடும். நீங்கள் கொடுக்கத் தயாராக இருக்கிற உச்ச விலையைச் செயலியிடம் சொல்லிவிடுகிறீர்கள். அது அந்தத் தொகையை வெளியே காட்டாமல், அடுத்த ஆளை முந்தத் தேவையான அளவுக்கு மட்டும் உங்கள் சார்பில் ஏற்றிக்கொண்டு போகும். ஒருவர் 260 டாலர் வரை போகலாம் என்று வைத்திருக்கிறார், நீங்கள் 340 என்று வைக்கிறீர்கள் என்றால், விலை 265ல் நிற்கும். 250க்கும் 500க்கும் நடுவே ஒரு படி 5 டாலர். இரண்டு பேர் ஒரே தொகையை வைத்திருந்தால் முதலில் வைத்தவருக்கே பொருள். ஆகவே முழு எண்ணை விட்டுவிட்டு 343.17 என்பது போல வையுங்கள். எல்லோரும் 340ல் வந்து நிற்கும்போது அந்தச் சில்லறை வேலை செய்யும்.

முடிவு நேரம் மாறாது என்பதுதான் இந்த ஏலத்தின் சுபாவத்தையே தீர்மானிக்கிறது. ஏழு நாள் தூங்கிக் கிடந்த விலை கடைசிப் பத்து நொடியில் எகிறும். ஆல்வின் ராத், ஆக்ஸல் ஆக்கன்ஃபெல்ஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2002ல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் எடுத்துப் பார்த்தார்கள். அப்போது அமேசானும் ஏலம் நடத்திக்கொண்டிருந்தது. அங்கே கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் ஏலம் பத்து நிமிடம் நீளும். கடைசி நொடிப் பாய்ச்சல் ஈபேயில்தான் அதிகம் என்று அவர்கள் கண்டார்கள். முன்கூட்டியே கேட்டால் போட்டியாளருக்கு நம் ஆசை தெரிந்துபோகிறது. அவர் யோசித்து இன்னும் ஏற்ற அவகாசமும் கிடைக்கிறது. நான் உச்ச விலையை ஒரு நாள் முன்பே காகிதத்தில் எழுதிவிடுவேன். கேட்பது கடைசி அரை நிமிடத்தில்தான். போய்விட்டால் போகட்டும். போஸ்ட்வார் லயனலில் மிகப் பெரும்பாலானவை ஆயிரக்கணக்கில் தயாரானவை, இன்னொன்று வரும்.

உச்ச விலையைக் கணக்குப் போடும்போது விற்பனை வரியையும் அனுப்பும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சியில் வரி மட்டும் 6.625 சதவீதம். ரயில்களுக்கென்றே இருக்கிற ஏல நிறுவனங்களில் பொருளை நன்றாக விவரித்திருப்பார்கள். ஆனால் வாங்குகிறவர் தனியாகக் கட்ட வேண்டிய தொகை 20 சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு.

இனி நிலை. 1954ல் தொடங்கிய அமெரிக்க ரயில் சேகரிப்பாளர் சங்கம் இதற்கென்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. சி-10 என்றால் கைபடாத புதுசு. சி-8 என்றால் ஓட்டியிருக்கலாம், ஆனால் துரு இருக்கக் கூடாது, எல்லா பாகமும் அசலாக இருக்க வேண்டும். சி-7ல் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத கீறல்களுக்கு இடம் உண்டு. சி-6ல் லேசான மேல் துருவும், மாற்றிய சில சிறு பாகங்களும் இருக்கலாம். மிக நல்ல அளவுகோல். ஆனால் ஈபேயில் இவையெல்லாம் ‘பயன்படுத்தியது’ என்ற ஒரே கட்டத்துக்குள் போய்விடுகின்றன. விளக்கத்தில் விற்பவர் சி-8 என்று எழுதுவது அவருடைய சொந்தக் கருத்து. மேற்புறத்தை மட்டும் பார்த்துவிட்டு சி-8 போடுகிறவர்கள் ஏராளம்.

மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல, எஞ்சின் வாங்குகிறவர் அடிப்பாகத்தைப் பார்த்தாக வேண்டும். எஃப்3ல் இது இரட்டிப்பு அவசியம், காரணம் ஹாரன். லயனலின் டீசல் எஞ்சின்களில் ஹாரன் அடிப்பதற்கென்று உள்ளே ஒரு டி சைஸ் பேட்டரி போடுவார்கள். டிரான்ஸ்ஃபார்மரின் நெம்புகோலைத் தள்ளினால் தண்டவாளத்து ஏ.சி. மின்சாரத்தோடு கொஞ்சம் டி.சி. கலக்கும். எஞ்சினுக்குள் இருக்கும் ரிலே அந்த டி.சி.க்கு மட்டும் அசைந்து பேட்டரியை ஹாரனோடு இணைக்கும். 75 வருடத்துக்கு முன்னால் ஒரு பொம்மைக்குள் இதை யோசித்து வைத்தவர்கள் மேல் எனக்கு இருக்கிற மரியாதை கொஞ்சநஞ்சம் அல்ல. ஆனால் விளையாடி முடித்த சிறுவன் பேட்டரியைக் கழற்றாமல் பரணில் போட்டுவிட்டால், அது ஒழுகி அடித்தட்டை அரித்துவிடும். மேல்கூடு ஷோகேஸில் வைத்தது போல மின்னும். உள்ளே இரும்பு பொரிந்து உதிரும்.

நான் பார்த்த ஒரு ஜோடியின் பட்டியலில் பன்னிரண்டு படங்கள் இருந்தன. பன்னிரண்டும் பக்கவாட்டிலும் மேலேயும் எடுத்தவை. ஒன்றில் மட்டும், எஞ்சினைச் சற்றுச் சாய்த்து எடுத்ததால், முன் சக்கரத்துக்குப் பின்னால் வெள்ளைப் பொடி படர்ந்த ஒரு விளிம்பு தெரிந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுண்ணாம்பு பூத்தது போல வெளுப்பு, அதன் ஓரத்தில் பழுப்புத் துரு, அதை ஒட்டி ஒயரின் உறை பச்சை பிடித்திருந்தது. மேல்கூட்டைக் கழற்றி ஒரு படம் அனுப்ப முடியுமா என்று விற்பவரிடம் கேட்டேன். பதில் வரவில்லை, ஏலம் நல்ல விலைக்கு முடிந்தது. பிறகு வேறொருவரிடம் இதையே கேட்டபோது, அவர் அரை மணி நேரத்தில் மேல்கூடு கழற்றிய படங்களோடு, முன்னோக்கி ஓடி, நின்று, பின்னோக்கி ஓடுகிற வீடியோவையும் அனுப்பினார். என் ஜோடியை அவரிடம்தான் எடுத்தேன். கேட்டதற்கு எப்படி பதில் சொல்கிறார் என்பது, நட்சத்திர மதிப்பீட்டைவிட ஒரு விற்பவரைப் பற்றி எனக்கு அதிகம் சொல்கிறது.

அடியில் லேசான வெளுப்பு மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். அந்தக் காலத்து துத்தநாக-கார்பன் பேட்டரியின் ஒழுகல் அமிலத் தன்மை உடையது. சமையல் சோடா கலந்த தண்ணீரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, ஈரம் இல்லாமல் உலர்த்தி, எண்ணெய் பூசினால் அரிப்பு நிற்கும். ஆனால் உலோகம் ஓட்டை விழுந்திருந்தால் விலையைப் பாதியாக நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

‘ஓட்டிப் பார்க்கவில்லை, டிரான்ஸ்ஃபார்மர் இல்லை’ என்ற வரியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள். சிலருக்கு அது உண்மை. என்னைப் பொறுத்தவரை அந்த வரிக்கு ‘ஓடாது’ என்றே பொருள். ஓடாத எஞ்சினின் விலைக்கு மேல் நான் கேட்பதில்லை. ஓடினால் அது லாபம்.

போலிகள் விஷயத்தில், விலை உயர உயர எச்சரிக்கையும் ஏற வேண்டும். 1957ல் லயனல் சிறுமிகளுக்காக வெளியிட்ட ரயிலில் இளஞ்சிவப்பு நீராவி எஞ்சினும் வெளிர்நிறப் பெட்டிகளும் இருந்தன. அன்றைக்கு விற்கவில்லை, அதனாலேயே இன்றைக்குக் கிராக்கி. எஞ்சினின் உடலோ எங்கும் கிடைக்கிற 2037. கறுப்பு 2037ஐ வாங்கி இளஞ்சிவப்பு அடிக்கிறவர்களுக்கு அதிகம் செலவு இல்லை. கைப்பிடிக் கம்பி நுழைகிற துளைக்குள்ளும் அடிப்பக்க விளிம்பிலும் கறுப்பு எட்டிப் பார்க்கிறதா என்று நெருங்கிய படம் கேளுங்கள். அட்டைப்பெட்டியிலும் இதே கதைதான். ஆரஞ்சும் நீலமுமான அசல் பெட்டி தனியாகவே காசு பெறும். அதனால் புதிதாக அச்சடித்த பெட்டிகளும், வேறு எஞ்சினின் பெட்டியில் சொருகி ஜோடி சேர்த்த எஞ்சின்களும் சந்தையில் உலவுகின்றன. பெட்டியின் முனையில் இருக்கும் எண்ணும் எஞ்சினின் எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது குறைந்தபட்சம். புறஊதா விளக்கு வைத்திருந்தால் இன்னும் நல்லது. இக்கால வெள்ளைக் காகிதம் அதில் பளிச்சென்று நீலம் அடிக்கும்.

போருக்கு முந்தையதில் இறங்குகிறவர்களுக்கு வேறொரு வியாதி காத்திருக்கிறது. 1937ல் 75 டாலருக்கு வந்த 700இ ஹட்ஸன் போன்ற எஞ்சின்களின் வார்ப்பு உலோகத்தில் ஈயக் கலப்பு இருந்தால், துத்தநாகம் உள்ளிருந்தே வீங்கி விரிசல் விடும். இதற்கு மருந்து கிடையாது. சக்கர ஆரங்களை நெருக்கமாகப் படம் பிடித்துத் தரச் சொல்லுங்கள்.

ஏலத்தில் ஜெயித்ததும் முதலில் செய்ய வேண்டியது பொதிகட்டும் முறை பற்றி விற்பவருக்கு எழுதுவது. ஒவ்வொரு எஞ்சினையும் தனித்தனியாகச் சுற்ற வேண்டும். ஒன்றோடொன்று மோதினால் மூக்கின் பிளாஸ்டிக்கும் முன்படிகளும் முதலில் போகும். ஓர் அட்டைப்பெட்டிக்குள் இன்னொன்று, நடுவில் எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் திணிப்பு. அசல் லயனல் பெட்டியை வெளிப்பெட்டியாக வைத்து அனுப்பக் கூடாது என்பதையும் எழுத்தில் சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் அதன் மேலேயே முகவரிச் சீட்டை ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுங்கள். விவரித்தபடி பொருள் இல்லையென்றால் கைக்கு வந்து 30 நாளுக்குள் ஈபேயில் முறையிட்டுப் பணத்தைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. செயலியின் சிறந்த அம்சங்களில் இது ஒன்று. ஆனால் பட்டியலில் ‘பாகங்களுக்கு மட்டும்’ என்று போட்டிருந்த எஞ்சின் ஓடவில்லை என்று முறையிட முடியாது.

எனக்கு வந்த 2343 ஜோடி சி-6க்கும் சி-7க்கும் நடுவே. கூரையில் இருக்கும் கம்பிவலைகள் அப்படியே இருக்கின்றன. சக்கரத்தின் அருகே கொண்டுபோன குண்டூசியைக் காந்தம் இன்னும் இழுக்கிறது. பற்சக்கரங்களில் இறுகியிருந்த பழைய கிரீஸைச் சுரண்டி எடுத்துப் புதியது வைத்த பிறகு, இரண்டு மோட்டாரும் சேர்ந்து எட்டுப் பெட்டிகளை வளைவில் திணறாமல் இழுக்கின்றன. ஹாரனுக்குப் புதுப் பேட்டரி போட்டேன். ஓட்டி முடித்ததும் கழற்றிவிடுகிறேன்.

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ ஈபேயில் கேட்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஈபேயின் இந்தியத் தளம் 2018ல் மூடிவிட்டது. அமெரிக்கத் தளத்தில், வெளிநாட்டுக்கு அனுப்பச் சம்மதிக்கும் விற்பவரிடம் வாங்கலாம். கனமான பொருள் என்பதால் தபால் செலவும் சுங்கமும் சேர்ந்து எஞ்சின் விலையைத் தொட்டுவிடக்கூடும். முக்கியமாக, லயனலின் புகழ்பெற்ற இசட்டபிள்யூ டிரான்ஸ்ஃபார்மர் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் எரிந்துபோகும். வோல்ட்டை இறக்கும் கருவி வைத்தாலும் நம் 50 ஹெர்ட்ஸ் மாறாது, பழைய இரும்பு கூடுதலாகச் சூடேறும். 275 வாட் என்று எழுதியிருந்தாலும் அதில் பாதிச் சுமைக்கு மேல் ஏற்றாதீர்கள். ஒயரின் ரப்பர் உறை விரிசல் விட்டிருந்தால் புது ஒயர் மாற்றும் வரை மின்சாரம் கொடுக்கவே வேண்டாம்.