மழைக்கும் இறக்கத்துக்கும் ஏற்ற உடுப்பு

ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜுக்குச் சைக்கிளில் இறங்கியவர்களுக்குத் தெரியும், மலையில் குளிர் மழையால் மட்டும் வருவதில்லை. ஏற்றத்தில் ஊறிய வியர்வையே இறக்கத்துக் காற்றில் உடம்பைச் சில்லிட வைக்கும். ஆகவே புதிதாக மிதிப்பவர் முதலில் ஒதுக்க வேண்டியது பருத்தி பெனியனை. அது குடித்த ஈரத்தை லேசில் விடாது. புட்போல் விளையாடும் பொலியெஸ்டர் ஜேர்சி போதும். விலையும் குறைவு, பிழிந்து உதறினால் பாதி காய்ந்துவிடும்.

காசைப் போட வேண்டிய இடம் ஒன்றுதான்: மெத்தை வைத்த காற்சட்டை. வாங்குமுன் உட்புறத்தைத் திருப்பி விரலால் தடவிப் பாருங்கள். மெத்தையின் நடுவே தடித்த தையல் ஓடினால் வேண்டாம். அந்த ஒரு கோடே உரசிப் புண்ணாக்கிவிடும். உள்ளே ஜட்டி போடக்கூடாது. கூச்சமாக இருந்தால் மேலே பழைய களிசானொன்றைப் போட்டுக்கொள்ளலாம்.

மழைக்கு, கொழுந்து பறிக்கும் நம் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை: நனையும் இடத்துக்கு மட்டும் மறைப்பு. காற்றுக்கு, டூர் டி பிரான்ஸ் வீரர்கள் மலையுச்சியில் ஜேர்சிக்குள் செய்தித்தாளைச் செருகிக்கொண்டு இறங்குவது பழைய வழக்கம். செலவே இல்லை.

நோட்டன் பிரிட்ஜிலுள்ள விமலசுரேந்திர அணைக்கட்டுப் பக்கம் மூடுபனி இறங்கும் நாளில் கறுப்பு உடுத்தாதீர்கள். லொறிக்காரரின் கண்ணில் படும் மஞ்சளை உடுத்துங்கள்.