இராணி மீனாட்சியும் செங்கல் சத்தியமும்

இலத்தூரில் உறவினர் இல்லத் திருமணம் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். விருந்து முடிந்து திண்ணையில் அமர்ந்திருந்தபோது, பேச்சு திருச்சிராப்பள்ளிச் சரித்திரத்தின் பக்கம் திரும்பிற்று. கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர், "மாமா, சந்தா சாகிப் பொய்ச் சத்தியம் செய்தார் என்று பழிக்கிறார்களே! அவர் கைவைத்தது குர்ஆன் மீதன்று. பட்டுத் துணியில் சுற்றிய செங்கல்லின் மீதுதானாம். அப்படியானால் அவர்மீது குற்றமில்லை அல்லவா?" என்றார். சுற்றியிருந்தோர் நகைத்தனர். எனக்கு நகைப்பு வரவில்லை. அக்கதையையும், அதைச் சொல்லும் முறைகளையும் சற்று ஆராய வேண்டும் என்ற எண்ணமே மேலிட்டது.

கதையின் சுருக்கம் இது. 1529இல் விசுவநாத நாயக்கருடன் தொடங்கிய மதுரை நாயக்கர் ஆட்சி, விசயரங்க சொக்கநாதரின் மறைவோடு தளர்ந்தது. அவருக்குப் பிள்ளை இல்லை. அவருடைய மனைவி மீனாட்சி 1732ஆம் ஆண்டளவில் ஆட்சிப் பொறுப்பை ஏற்றாள். அரச குலத்துப் பங்காரு திருமலையின் மகனைத் தத்தெடுத்தாள். ஆனால் அரியணை தமக்கே உரியது என்று பங்காரு திருமலை வழக்கிட்டார். தளவாய் வேங்கடாசாரியும் அவர் பக்கம் நின்றார். படைத்தலைவனே பகைவனாக, அரசி தன் கோட்டைக்குள்ளேயே தனித்து நின்றாள்.

1734இல் ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி, தம் மகன் சப்தர் அலியையும், மருமகன் சந்தா சாகிபையும் தெற்கே அனுப்பினார். வழக்கு அவர்களிடம் சென்றது. சப்தர் அலியின் தீர்ப்பு பங்காரு திருமலைக்குச் சார்பாக அமைந்தது. அவர் திரும்பியபின் சந்தா சாகிப் அரசியோடு தனியே உடன்பாடு செய்தார். ஒரு கோடி ரூபாய் தருவதாக அரசி ஒப்புக்கொண்டாள் என்றும், அவளைக் காப்பதாகச் சந்தா சாகிப் குர்ஆன் மீது ஆணையிட்டார் என்றும் சரித்திரம் கூறும். பொருளைப் பெற்றுச் சென்றவர் 1736இல் மீண்டும் வந்தார். பங்காரு திருமலை அம்மையநாயக்கனூர்ப் போரில் தோற்றுச் சிவகங்கைச் சீமையில் தஞ்சம் புகுந்தார். கோட்டையும் நாடும் சந்தா சாகிபின் வசமாயின, அரசி சிறைப்பட்டாள், நஞ்சுண்டு மாண்டாள். இரு நூற்றாண்டு கண்ட அரசு அவளோடு முடிந்தது.

இந்நிகழ்ச்சியை எழுதுவோரும் பேசுவோரும் மூவகையாகத் தீர்ப்புச் சொல்லக் காண்கிறோம். முதல் தீர்ப்பு, பெண்ணின் பேதைமையால் நாடு கெட்டது என்பது. சந்தா சாகிபிடம் அவள் காதல் கொண்டாள் என்று கலந்து சொல்வோரும் உளர். மதுரை நாயக்கர் வரலாற்றை அறிய நெல்சன் 1868இலும், சத்தியநாத ஐயர் 1924இலும் வெளியிட்ட நூல்களை இன்றும் அறிஞர் நாடுவர். அவற்றில் வரும் செய்திகளைத் தொகுத்து நோக்கினால், இவ்வரசு மீனாட்சிக்கு முன்பே வலுவிழந்தமை விளங்கும். மங்கம்மாள் காலத்திலேயே முகலாயருக்குத் திறை செலுத்த நேர்ந்தது. விசயரங்கரோ கோயில் வழிபாட்டிலும் கொடையிலும் மனத்தைச் செலுத்தி, ஆட்சியைப் பிறரிடம் விட்டவர். வெறுமையான கருவூலமும், பிளவுபட்ட பிரதானிகளும் மீனாட்சிக்கு வந்த சீதனம்.

அவளிடம் குறையே இல்லை என்பதன்று. சொந்தப் பிரதானிகளை இணக்கிக்கொள்ள அவளால் இயலவில்லை. உள்வீட்டு வழக்கைத் தீர்க்க அயலாரின் படையை நம்பினாள். ஆனால் அதே படையை அவளுக்கு எதிராக நாடியவர் பங்காரு திருமலை. இருவர் செய்த பிழைக்கு ஒருத்தியை மட்டும் கூண்டில் நிறுத்துவது என்ன நீதி? தில்லியில் 1236 முதல் 1240 வரை ஆண்ட சுல்தானா ரஸியாவையும் துருக்கியப் பிரபுக்களே வீழ்த்தினர். அவரை ஏற்க மறுத்த பிரபுக்களைவிட, அவர் பெண்ணாகப் பிறந்ததையே பெரிதாகப் பேசினர் பின்வந்தோர்.

திருமறை காட்டும் ஸபா நாட்டு அரசியை ஈண்டு நினைக்கலாம். மன்னர்கள் ஓர் ஊருக்குள் புகுந்தால் அதைச் சீர்குலைத்து, அங்குள்ள மேலோரைத் தாழ்த்திவிடுவர் என்று அவ்வம்மையார் தம் அவையோரிடம் எடுத்துரைத்தார். முதலில் காணிக்கை அனுப்பிப் பார்த்தார். மீனாட்சியும் அதையேதான் செய்தாள். ஆனால் அங்கே காணிக்கையை மறுத்துத் திருப்பி அனுப்பியவர் நபி சுலைமான் (அலை). இங்கே வாங்கிக்கொண்டவர் சந்தா சாகிப்.

இரண்டாம் தீர்ப்பு, முஸ்லிம்களின் ஆணையே நம்பத்தக்கதன்று என்பது. இதற்கு மறுமொழி சந்தா சாகிபின் முடிவிலேயே இருக்கிறது. 1752இல் திருவரங்கத்தில் முற்றுகையில் சிக்கிய அவர், தஞ்சைப் படைத்தலைவர் மானோஜியின் உறுதிமொழியை நம்பித் தம்மை ஒப்படைத்தார். அந்த வாக்கும் காற்றில் போயிற்று. அவருடைய தலை வெட்டப்பட்டது. வாக்கு முறிவு ஒரு சமூகத்தின் தனிச்சொத்து என்போர் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும்.

மூன்றாம் தீர்ப்பே அந்த இளைஞருடையது. எனக்கு மிகுந்த வருத்தம் தந்ததும் அதுவே. குர்ஆன் இல்லை, செங்கல் என்பது குற்றத்தைக் குறைக்குமா? பள்ளிவாசல் திண்ணையில் பிக்ஹு ஓதும் மாணவனும் அறிவான்: ஆணை வாங்குபவர் எதை எண்ணி வாங்குகிறாரோ, அதன்படியே அது கொள்ளப்படும். அநீதிக்கு ஆளானவன் தன்னைக் காத்துக்கொள்ளச் சொல்லும் சொல்லுக்கு விலக்கு உண்டு. படையோடு வந்து பணம் பெற்றவருக்கு அவ்விலக்கு ஏது? செங்கல் கதை மெய்யானால் வாக்கு முறிவோடு வஞ்சகமும், வேதத்தை வேடப்பொருளாக்கிய இழிவும் சேர்கின்றன. ஒரு குற்றத்தைக் கழுவ வந்த கதை மூன்றாக்கிவிட்டது!

ஹுதைபிய்யாவை மறந்தோமா? கி.பி. 628இல் உடன்படிக்கை முடிவாகும் வேளையில், காலில் விலங்கோடு தப்பி வந்தார் அபூ ஜந்தல் (ரலி). ஒப்புக்கொண்ட விதியின்படி அவரைக் குறைஷியரிடமே திருப்பி அனுப்பினார்கள் நபிகள் நாயகம் (ஸல்). தோழர்கள் கண்ணீர் வடித்தனர். எனினும் கொடுத்த வாக்கு நின்றது. எதிரே நின்றவர்கள் முஸ்லிம்கள் அல்லர் என்பது அங்கே ஒரு காரணமாகவில்லை. இந்த அளவுகோல் நம் கையில் இருக்க, பெயர் ஒற்றுமைக்காகச் சந்தா சாகிபுக்கு வழக்குரைஞராக நாம் ஏன் நிற்க வேண்டும்?

இந்த வீழ்ச்சி நம் சீமையையும் விட்டுவைக்கவில்லை. மதுரை அரசோடு திருநெல்வேலியும் கைமாறியது. 1741இல் மராட்டியர் திருச்சியைக் கைப்பற்றிச் சந்தா சாகிபைச் சதாராவுக்குச் சிறைகொண்டு போயினர். பின்னர் நவாபின் பேரால் வரி தண்டக் கும்பினிப் படையே வந்தது. 1755இல் கர்னல் ஹெரான் நெற்கட்டும்செவலில் பூலித்தேவரை எதிர்த்து நின்றது இலத்தூரிலிருந்து தொலைவில் அன்று. நாடாள்வோர் முறித்த ஒரு சொல்லுக்கு உழுது பயிரிட்டோர் விலை கொடுத்தனர்.

மங்கம்மாளின் பெயர் தாங்கிய சாலை நம் பக்கத்தில் உண்டு. திருச்சியில் அரசு அருங்காட்சியகம் இயங்கும் மண்டபமும் அவர் பெயரால் வழங்குகிறது. மீனாட்சிக்குத் தோல்வியின் பெயரே எஞ்சியது. திருச்சி நத்ஹர்வலி தர்காவுக்கு 1701இல் மானியம் வழங்கியவர் மங்கம்மாள். அவருடைய பேரனின் மனைவியே மீனாட்சி. அதே தர்காவின் மண்ணில்தான் சந்தா சாகிபும் அடங்கியிருக்கிறார். அடுத்த முறை அங்கே ஜியாரத் செய்யும்போது இதை எண்ணிப் பாருங்கள் என்று அவ்விளைஞரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

வாக்களித்தால் நிறைவேற்றுவோராக நம்மையும் நம் மக்களையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக!