தோரோவின் பனிக்கட்டி

தோரோவின் 'வால்டன்' நூலை நம்மவர்கள் புகழும்போது வழக்கமாக இரண்டு விஷயங்களைச் சொல்வார்கள். அவர் கீதையைப் படித்தார் என்பது ஒன்று. காந்தியடிகள் அவரைப் படித்தார் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மைதான். 1785-ல் சார்ல்ஸ் வில்கின்ஸ் ஆங்கிலத்தில் கொண்டுவந்த கீதை தோரோவுக்குப் பிடித்த நூல்களில் ஒன்று. ஆனால் யோசித்துப் பார்த்தால், இந்த இரண்டு புகழ்ச்சிகளும் தோரோவைப் பற்றியவை அல்ல, நம்மைப் பற்றியவை. நம்மை மெச்சினவரை நாம் மெச்சுகிறோம். ஒரு நூலை மதிப்பிட இது வழியாகாது.

அந்த நூலை மதிப்பிட வேறொரு இடத்துக்குப் போகவேண்டும் என்பது என் அபிப்பிராயம். குளிர்காலத்தில் குளம் உறைந்து கிடப்பதைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பக்கங்கள்தான் அந்த இடம். மேல்பட்டாம்பாக்கத்தில் பிறந்து வளர்ந்த ஒரு வாசகனுக்கு இதைவிடக் கடினமான சோதனை கிடையாது. பெண்ணையாற்று மணலில் மார்கழிக் காலையில் நடுங்கியதுதான் நமக்குத் தெரிந்த அதிகபட்சக் குளிர். பனிக்கட்டி என்றால் கடலூர் முதுநகரிலிருந்து மீன் கூடையோடு வருகிற ஐஸ். அப்படிப்பட்டவனை உறைந்த ஏரியின் மீது நடக்க வைத்துவிட்டால் அது எழுத்துதான். வைக்க முடியாவிட்டால், கீதையைப் படித்தவர் எழுதினதென்றாலும் பிரயோஜனமில்லை.

முதல் தடை நம்முடைய சொற்களிலேயே இருக்கிறது. புல்லின்மேல் முத்துமுத்தாக நிற்பதும் பனி, விடியற்காலையில் ரயிலை நிறுத்தி வைப்பதும் பனி, இமயமலையில் இருப்பதும் பனி. முன்பனி, பின்பனி என்று இரண்டு பருவங்களையே வைத்துக்கொண்டிருக்கிறோம்; இரண்டிலும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது. 'உறைதல்' என்பதோ நெய்க்கும் தயிருக்கும் இரத்தத்துக்கும் உரிய சொல். 'ஏரி உறைந்தது' என்று மொழிபெயர்ப்பில் படிக்கிற தமிழ் வாசகன், ஜாடியில் நெய் உறைந்ததுபோல் ஏரி அடிவரைக்கும் கெட்டியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறான். மாஸ்கோவில் அச்சிட்டு மலிவு விலைக்கு வந்த ருஷ்ய நாவல்களை ஆசை ஆசையாகப் படித்தவர்களில் பலர் இப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

நடப்பது அதுவல்ல. தண்ணீர் 4 டிகிரி சென்டிகிரேடில் மிகவும் கனமாக இருக்கும். அந்தக் கனத்தோடு அடிக்குப் போய்விடும். அதைவிடக் குளிர்ந்த தண்ணீர் லேசானதால் மேலே நின்று, பூஜ்ய டிகிரியில் கட்டியாகி மிதக்கிறது. கீழே மீன்கள் எப்போதும்போல உலாவிக்கொண்டிருக்கும். ஆறின பாலின்மேல் ஆடை படிகிறதல்லவா? ஏரி உறைவதற்கு அதுதான் சரியான உவமை, நெய் அல்ல. அந்த ஆடைமேல் குதிரை வண்டி போகலாம் என்பதுதான் வித்தியாசம். ஏரி ஆழமாக இருந்தால், அடிநீர் முழுவதும் குளிர்ந்து முடிக்க நாளாகும். ஆகவே ஆடையும் தாமதமாகத்தான் படியும்.

இவ்வளவையும் நான் விளக்கவேண்டியிருக்கிறது. தோரோ விளக்குவதில்லை, செய்து காட்டுகிறார். 1845 ஜூலையிலிருந்து 1847 செப்டம்பர் வரை வால்டன் குளக்கரையில் தாமே கட்டின குடிசையில் அவர் வாழ்ந்தார். அந்தக் குளத்துக்கு அடியே கிடையாது என்று அக்கம்பக்கத்தார் நம்பி வந்தார்கள். நம்மூர்க் கோயில் கிணறுகளைப் பற்றிச் சொல்வதில்லையா, அந்த மாதிரி. 1846-ன் தொடக்கத்தில், பனிக்கட்டி உடைவதற்கு முன், அவர் அளவுச் சங்கிலியும் நூல்குண்டுமாகக் குளத்தின்மேல் நடந்து, துளையிட்டு, நூறு இடங்களுக்கு மேல் ஆழம் பார்த்தார். மிக ஆழமான இடம் 102 அடி. இன்றைய கணக்கும் அதை ஒட்டியே இருக்கிறது. குளம் சிறியதுதான்; அறுபது ஏக்கருக்குச் சற்று அதிகம். ஆனால் அந்த 102 அடியைப் படிக்கும்போது, காலுக்குக் கீழே பனிக்கட்டியும் அதற்குக் கீழே கருத்த தண்ணீரும் இருப்பதை நாம் உணர்ந்துவிடுகிறோம். வர்ணனையால் ஆகாத காரியத்தை ஒரு எண் செய்துவிடுகிறது. கட்டிக்குள் அகப்பட்ட காற்றுக் குமிழிகளைப் பார்க்க அவர் குப்புறப் படுத்துக்கொள்கிறார். மறுபடி வந்து அதே குமிழி எங்கே போயிற்று என்று பார்க்கிறார். இந்தச் சிரத்தைதான் அவருடைய நடை. வேறு அலங்காரம் அங்கே தேவைப்படவில்லை.

இனி, நம்மவர்கள் மிகவும் கொண்டாடும் இடத்துக்கு வருகிறேன். 1846-47 குளிர்காலத்தில் நூறு ஐரிஷ் கூலியாட்கள் வந்து வால்டனில் பனிக்கட்டி வெட்டினார்கள். நல்ல நாளில் ஆயிரம் டன் வெட்டினார்களாம். கரையில் 35 அடி உயரத்துக்கு அடுக்கி, வைக்கோலும் பலகையும் போட்டு மூடினார்கள். அக்காலத்தில் அது பெரிய வியாபாரம். பாஸ்டன் நகரத்து பிரடெரிக் டியூடர் 1833-ல் 'டஸ்கனி' என்ற கப்பலில் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டி ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணத்துக்குப் பின் நூறு டன் கரையாமல் வந்து சேர்ந்தது. மரத்தூள் போட்டு மூடுகிற தந்திரம்தான். நம்மூரில் ஐஸ் பாரை மரத்தூளிலும் சாக்கிலும் சுற்றி வைத்திருந்தார்களே, அதே தந்திரம். சென்னைக் கடற்கரையில் 1842-ஐ ஒட்டி அவருக்காகக் கிடங்கு எழுந்தது. தோரோ இதையெல்லாம் யோசிக்கிறார். சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடுகிறவர்கள் தம் கிணற்றில் நீர் குடிக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்கிறார். காலையில் கீதையில் மூழ்கி எழுந்து தம் குளத்துக்குப் போகிறார். அங்கே வால்டன் நீரும் கங்கை நீரும் கலந்துவிட்டதாக அவருக்குத் தோன்றுகிறது.

அழகான கற்பனை; சந்தேகமில்லை. ஆனால் இதில் எனக்கு இரண்டு ஆட்சேபணைகள் உண்டு.

ஒன்று, அந்த அத்தியாயமே அதை மறுக்கிறது. அந்தப் பனிக்கட்டிக் குவியல் சந்தைக்குப் போய்ச் சேரவில்லை என்று சில வரிகளுக்கு முன்புதான் தோரோவே எழுதியிருக்கிறார். கொஞ்சத்தை எடுத்துப் போனார்களாம். மற்றது ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் கரையிலேயே கிடந்து, 1848 செப்டம்பரில் உருகி முடிந்தது. பெரும்பகுதி குளத்துக்கே திரும்பிவிட்டது. வெட்டினதையெல்லாம் குளம் வாங்கிக்கொண்டுவிட்டது என்ற இந்த உண்மை, கங்கையோடு கலந்தது என்ற கற்பனையைவிட எவ்வளவு பெரியது! தோரோ அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கங்கைக்குப் போய்விடுகிறார்.

இரண்டாவது ஆட்சேபணை நாவல் எழுதுகிறவனுடையது. அந்தப் பத்தியில் சென்னை ஒரு பெயராக மட்டும் இருக்கிறது. அங்கே ஒருவருக்கும் முகமில்லை. உண்மையில் பனிக்கட்டித் தண்ணீர் குடித்தவர்கள் யார்? கம்பெனி உத்தியோகஸ்தர்களும் அவர்களுடைய விருந்தாளிகளும். சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தவன் விரல் நுனியை ஊதிக்கொண்டிருப்பான். அந்தப் பக்கமும் அப்படித்தான். வெட்ட வந்த நூறு ஐரிஷ்காரர்களைத் தோரோ வேடிக்கையாகத்தான் வர்ணிக்கிறார். தண்ணீரில் விழுந்தவன் அவர் அடுப்பருகே வந்து ஒண்டிக்கொண்டதுகூட வேடிக்கைதான். அந்த ஆண்டுகளில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி ஜனங்கள் பட்டினியால் மடிந்துகொண்டிருந்தார்கள். இவர்கள் ஏன் வந்தார்கள் என்று அந்தப் பக்கங்களில் அவர் கேட்கவில்லை. குமிழியைக் குப்புறப் படுத்துப் பார்த்தவர், மனிதனை நின்றுகொண்டே பார்த்துவிட்டார்.

சென்னைக் கிடங்கின் பிற்காலக் கதை தோரோவின் கற்பனையைவிடச் சுவாரஸ்யமானது. இயந்திர ஐஸ் வந்து கப்பல் ஐஸ் வியாபாரம் படுத்துப்போன பிறகு, அந்தக் கட்டடம் பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீலிடம் வந்தது. 1897-ல் விவேகானந்தர் அங்கே தங்கினார். பிறகு அரசாங்கம் அதை எடுத்துக்கொள்ள, சகோதரி சுப்பலட்சுமி இளம் விதவைகளுக்கு அங்கே விடுதி நடத்தினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். ஆனாலும் பேட்டைக்கு ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் போகவில்லை. வெள்ளைக்காரர் கோப்பைக்காகக் கட்டின அறையில் தலை மழிக்கப்பட்ட பத்து வயதுப் பெண்கள் ஸ்லேட்டும் பலகையுமாக உட்கார்ந்திருந்தார்கள். கிழக்கும் மேற்கும் கலந்ததென்றால் அந்த அறையில் கலந்தது. யாராவது நாவல் எழுதவேண்டிய விஷயம்.

ஆனால் தோரோவின் பெருமை குறைந்துவிட்டதென்று நான் சொல்லவரவில்லை. யாரும் மேற்கோள் காட்டாத இன்னொரு இடம் இருக்கிறது. வசந்தத்தைப் பற்றிய அத்தியாயத்தில், வால்டன் குளத்தில் பனிக்கட்டி முழுவதும் விலகின தேதிகளை ஏழு ஆண்டுகளுக்கு அவர் வரிசையாகக் குறித்திருக்கிறார். மிக முந்தியது 1853-ல், மார்ச் 23. மிகப் பிந்தியது அதற்கு முந்தின ஆண்டு, ஏப்ரல் 18. கதைச் சுவைக்காகப் படிக்கிறவர்கள் இந்த இடத்தைப் புரட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பல்லி விழும் பலன் மாதிரி, பஞ்சாங்கத்தில் இருக்கவேண்டிய சமாசாரம் என்று தோன்றும். ஆனால் ஏன் குறிக்கிறார் என்பதையும் அவர் சொல்கிறார். இரண்டு நாள் வெயிலுக்கோ இரண்டு நாள் குளிருக்கோ அந்த ஆழமான நீர் அசைந்து கொடுக்காது; ஆகவே பருவத்தின் உண்மையான போக்கை மற்ற நீர்களைவிட அதுதான் சரியாகக் காட்டும் என்கிறார். நூல் வெளிவந்தது 1854-ல். இன்று பாஸ்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரிச்சர்ட் பிரைமாக் போன்ற விஞ்ஞானிகள் அந்தத் தேதிகளை எடுத்துவைத்துக்கொண்டு, அதே குளத்தின் இன்றைய தேதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஏறக்குறைய ஏப்ரல் முதல் தேதிவரை கிடந்த பனிக்கட்டி இப்போது சராசரியாக மார்ச் நடுவிலேயே போய்விடுகிறது. உலகம் சூடாகிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்தச் சிறிய குளமும் ஒரு சாட்சி. சாட்சியத்தை எழுதி வைத்தவர் ஓர் இலக்கிய ஆசிரியர்.

பெரிய ஏரிகளிலும் இதே கதைதான். ஆனால் அங்கே சாட்சியம் எளிதில் அகப்படுவதில்லை. வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளில் 1979-ல் நூற்றுக்கு 94 பங்குக்கு மேல் பனிக்கட்டி மூடியிருந்தது. 2002-ல் 12 பங்குகூடப் பெரிது. 2014-ல் மறுபடி 90-ஐத் தாண்டிவிட்டது. ஓர் ஆண்டைப் பார்த்து உலகம் குளிர்ந்துவிட்டது என்பவனும், இன்னோர் ஆண்டைப் பார்த்து எரிந்துவிட்டது என்பவனும் அவசரக்காரர்கள். பல தலைமுறைகள் விடாமல் குறித்து வைத்த கணக்குத்தான் பேசும். ஜப்பானில் சுவா என்ற ஏரி இருக்கிறது. இரவில் பனிக்கட்டி சுருங்கி விரிசல் விடும். விரிசலில் தண்ணீர் ஏறி உறையும். பகலில் கட்டி விரிந்து முட்டிக்கொள்ளும்போது, கரைக்குக் கரை வரப்புபோல ஒரு மேடு எழும். அக்கரையிலிருக்கும் தேவியைப் பார்க்க இக்கரைத் தெய்வம் நடந்து போன தடம் அது என்று அங்கே ஐதிகம். அந்தக் கோயில்காரர்கள் 1443-ஆம் ஆண்டு முதல் ஏரி உறையும் நாளைக் குறித்து வந்திருக்கிறார்கள். இந்த நூற்றாண்டில் ஏரி உறையாமலே போகும் குளிர்காலங்கள் மிகுந்துவிட்டன. தெய்வம் இந்த ஆண்டு நடக்கவில்லை என்று எழுதிவைக்கிறார்கள். தெய்வத்தின் நடையை நம்பினவர்கள் தேதியை விட்டுவிடவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

அப்படியானால் புள்ளிவிவரம்தான் இலக்கியமா என்று கேட்பார்கள். இல்லை. 1906-ல் பிரான்சிஸ் துரை தொகுத்த தென்னாற்காடு கெஜட்டியரில் நம் ஆறுகளைப் பற்றியும் ஏரிகளைப் பற்றியும் வேண்டிய மட்டும் கணக்கு இருக்கிறது. அதை யாரும் இலக்கியம் என்று சொல்லமாட்டார்கள். அங்கே எண் இருக்கிறது, எண்ணினவன் இல்லை. தோரோவின் ஒவ்வொரு தேதிக்குள்ளும், கரைக்குப் போய் நின்று, இன்னும் போகவில்லை என்று திரும்பி வந்த பல காலைகள் இருக்கின்றன. கல்கியின் வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரைமேல் குதிரையில் வந்துகொண்டே கணவாய்களை எண்ணுகிறான். ஊரார் சொல்லும் கணக்கு எழுபத்து நான்கு. அந்த ஏரி எவ்வளவு பெரியது என்பது நமக்கு அந்த எண்ணுவதில்தான் தெரிகிறது. எங்கள் ஜில்லாக்காரர்கள் அந்த முதல் அத்தியாயத்தை மறக்காமல் இருப்பதற்கு அந்த எண்ணும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எண்பது மைல் ஆற்றங்கரையை ஒரே வாக்கியத்தில் 'சலசலத்து ஓடியது' என்று முடித்துவிடுகிற பழக்கம் நம் கதைகளில் இருக்கிறது. பெண்ணையில் புதுவெள்ளம் எந்தத் தேதியில் வந்தது, எத்தனை நாள் ஓடியது, எந்த ஆண்டு வரவே இல்லை என்று நம்மில் யார் எழுதி வைத்திருக்கிறோம்? கீழணையிலிருந்து வடவாற்று வழியாக வீராணத்துக்குத் தண்ணீர் வரும் நாள் ஓவர்சியர் நோட்டில் இருக்கும்; கதையில் இராது. உறைந்த ஏரியை நாம் எழுதவேண்டியதில்லை, அது நம்முடையதல்ல. ஆனால் நம்முடைய ஏரியையாவது பார்த்து எழுதலாம். நூறு வருஷத்துக்குப் பிறகு ஒருவன் வந்து, இந்த நாவலில் சொன்ன மாதத்தில் இங்கே தண்ணீர் இருந்திருக்கிறது என்று விரலை வைத்துப் படிப்பானானால், அதைவிடப் பெரிய விமரிசனம் ஒரு நாவலுக்குக் கிடைக்கப்போவதில்லை.