தீவு வண்டுக்கு மூன்றாம் பெயர்

உயிரினங்களுக்கு வழக்கமாக இரண்டு சொல் கொண்ட அறிவியல் பெயர்தான். மூன்றாவது சொல் சேர்ந்தால் அது துணையினம். ‘இனம் அதேதான், ஆனால் இந்த இடத்தில் வாழ்பவை சற்று வேறுபட்டிருக்கின்றன’ என்பதே அந்த மூன்றாம் சொல்லின் பொருள். இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு வண்டு ஏதோ ஒரு தீவில் கிடைத்து, அதற்கு இப்படி ஒரு பெயர் சூட்டப்படும்போது வீண்வேலை என்று ஒதுக்குபவர்கள் ஆய்வாளர்களிலேயே உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால், இன்று அந்த வேலை பல நேரம் நடக்கும் விதத்தில் எனக்குப் பெரிய குறை இருக்கிறது.

முதலில் உழைப்பைப் பார்த்துவிடலாம். உலர்ந்த வண்டை வெந்நீரில் ஊறவைத்து இளக்குவார்கள். பிறகு நுண்ணோக்கியின் அடியில் வைத்து, ஊசிமுனையால் வயிற்றின் நுனியிலிருந்து ஆணின் புணர்ச்சி உறுப்பை வெளியே எடுப்பார்கள். கண்ணுக்குத் தூசியாகத் தெரியும் அதைக் காரக் கரைசலில் இட்டுத் தசையைக் கரைத்து, பக்கவாட்டில் கிடத்தி, அதன் வளைவையும் நுனியையும் வரைவார்கள். வெளித்தோற்றத்தில் அச்சில் வார்த்ததுபோல் இருக்கும் வண்டுகள் பல இந்த ஓர் உறுப்பில்தான் பிரிகின்றன. சிறகுறையின் மேலுள்ள குழிப்புள்ளி வரிசைகள், மார்புத் தகட்டின் ஓர வளைவு என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்ட பிறகு, ஒரே ஒரு வண்டைப் பெயருக்கு உரிய மாதிரியாகத் தேர்ந்து அதற்குச் சிவப்புச் சீட்டு குத்துவார்கள். 1999-க்குப் பின் வெளியாகும் இனப் பெயருக்கும் துணையினப் பெயருக்கும் அந்த மாதிரியைச் சுட்டுவது விலங்குப் பெயரிடல் விதிப்படி கட்டாயம்.

இந்தப் பொறுமைக்கு என்ன பயன்? மடெய்ரா தீவுக்கூட்டம் நல்ல சான்று. உடல்நலம் தேடி 1847-இல் அங்கே போன தாமஸ் வெர்னன் வொலாஸ்டன், வண்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்து 1854-இல் ‘இன்செக்டா மடெரென்சியா’ என்ற பெருநூலை வெளியிட்டார். எந்த வண்டுக்குச் சிறகு குறுகியிருக்கிறது, எது எந்தத் தீவில் எப்படி மாறுகிறது என்ற சிறு வேறுபாடுகளில் அவருக்குத் தீராத கவனம். 1859-இல் டார்வின் அவர் தரவை எடுத்துக்கொண்டு, மடெய்ராவின் 550 வண்டினங்களில் 200 பறக்க முடியாதவை என்று காட்டித் தம் வாதத்துக்கு வலுச்சேர்த்தார். வொலாஸ்டனோ டார்வினின் கொள்கையை ஏற்கவே இல்லை. அடுத்த ஆண்டே அதை மறுத்து எழுதினார். பதிவு செய்தவரின் கருத்தையும் தாண்டிப் பதிவு நிற்கிறது. நல்ல விவரிப்புக்கு இதைவிடப் பெரிய தகுதி வேண்டியதில்லை.

சட்டத்திலும் மூன்றாம் பெயருக்கு மதிப்பு உண்டு. அமெரிக்காவின் 1973-ஆம் ஆண்டு அழிநிலை உயிரினச் சட்டம் துணையினத்துக்கும் காப்பு தருகிறது. வடகிழக்குக் கடற்கரைப் புலிவண்டு ஒரு துணையினம்தான். 1990-இல் அது காப்புப் பட்டியலில் சேர்ந்தபோது, மாசசூசெட்ஸ் கரையோரத்தின் மார்தாஸ் வினியார்ட் தீவு அதன் கடைசிப் புகலிடங்களில் ஒன்றாக இருந்தது.

இனிக் குறை. இரு வேறு தீவுகளில் வாழும் ஒத்த வண்டுகள் சந்திப்பதே இல்லை; சந்தித்தால் இனம் கலக்குமா என்று இயற்கையில் சோதிக்க வழியில்லை. ஆகவே அவை தனி இனமா, துணையினமா, வெறும் வேறுபாடா என்பது விவரிப்பவரின் தீர்ப்புதான். 1953-இல் எட்வர்ட் வில்சனும் வில்லியம் பிரவுனும் துணையினம் என்ற கருத்தையே கடுமையாகத் தாக்கினார்கள். நிறத்தை வைத்துப் பிரித்தால் ஓர் எல்லை, அளவை வைத்துப் பிரித்தால் வேறோர் எல்லை என்று அவர்கள் சொன்னது பெருநிலப்பரப்புக்குச் சரியாகப் பொருந்தும். தீவில் எல்லையைக் கடலே போட்டுத் தருகிறது. சிக்கலும் அங்கேதான்: நடுவே கடல் இருப்பதாலேயே வேறுபாடும் இருந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு நுண்ணோக்கியில் குனிகிறோம்.

சிறகையே எடுத்துக்கொள்வோம். தரைவண்டுகள் பலவற்றில் ஒரே கூட்டத்துக்குள் நீள்சிறகு, குறுஞ்சிறகு என இரு வடிவங்கள் உண்டு. ஸ்வீடனின் கார்ல் லிண்ட்ரோத் 1946-இல் ஒரு தரைவண்டை இனப்பெருக்கம் செய்வித்து, இந்த வேறுபாடு மரபுவழி வருவதைக் காட்டினார். குறுஞ்சிறகு வண்டுக்குத் தோள்பகுதியும் ஒடுங்கியிருப்பது வழக்கம். தீவிலிருந்து மூன்றே வண்டுகள் வந்து, மூன்றும் குறுஞ்சிறகாக இருந்துவிட்டால், ‘ஒடுங்கிய தோள் உடைய புதிய துணையினம்’ தயார். ஒரு கூட்டத்தில் குறைந்தது 75 விழுக்காட்டு உயிரிகளையாவது மற்றதின் கிட்டத்தட்ட அனைத்திலிருந்தும் பிரித்தறிய முடிய வேண்டும் என்று டீன் அமடன் 1949-இல் விளக்கிய அளவுகோல் இருக்கிறது. மூன்று வண்டில் 75 விழுக்காட்டை எப்படிக் கணக்கிடுவது? பெயரிடல் விதியோ சான்று போதுமா என்று கேட்பதில்லை. சொல்லால் வேறுபடுத்திக் காட்டி, மாதிரியைச் சுட்டினால் போதும்.

மரபணு வந்துவிட்டதே, இனி இந்தக் குழப்பம் எதற்கு என்று கேட்கலாம். நியூகினியில் அலெக்சாண்டர் ரீடலும் குழுவினரும் 2013-இல் டிரைகோனாப்டெரஸ் என்ற சிறகற்ற கூன்வண்டுப் பேரினத்தில் 101 புதிய இனங்களை டிஎன்ஏ துணையோடு ஒரே வீச்சில் விவரித்தார்கள். வேகமும் தெளிவும் வியக்கத்தக்கவை. ஆனால், சருகுக்கடியில் நகர்ந்தே வாழும் வண்டுகளில் ஒரே தீவின் இரு பள்ளத்தாக்குகளுக்கு இடையிலும் டிஎன்ஏ வேறுபாடு கணிசமாக இருக்கக்கூடும். எவ்வளவு வேறுபாட்டுக்கு எந்தத் தகுதி என்பதை அங்கேயும் ஒருவர் தீர்ப்பாகத்தான் சொல்ல வேண்டும்.

அதனால் துணையினத்தைக் கைவிடுவதைவிட, அதை விவரிப்பவரிடம் கூடுதலாகக் கேட்பதே முறை என்பேன். பக்கத்துத் தீவு, எதிர்க்கரை இரண்டிலிருந்தும் கணிசமான வண்டுகளின் அளவீடுகள் வேண்டும். இரு கூட்டத்துக்கும் பொதுவாக விழும் அளவுகளை மறைக்காமல் அட்டவணையில் காட்ட வேண்டும். சில வண்டுகளையாவது பின்னாளைய மரபணு ஆய்வுக்குச் சாராயத்தில் இட்டு வைக்க வேண்டும். கையில் இருப்பது இரண்டே வண்டு என்றால், உறுப்பை வரைந்து, கிடைத்த இடத்தையும் நாளையும் சொல்லி, மூன்றாம் சொல் இல்லாமலே கட்டுரையை வெளியிடலாம். அடுத்து அந்தத் தீவுக்குப் போகிறவருக்கு எதைத் தேட வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.