ஒருநாள் கொடையும் மாதச் சம்பளமும்

மாற்றுத்திறன் குழந்தைகளுக்காக ஊர்கூடிப் பணம் திரட்டும் வழக்கம் இலங்கையிலும் உண்டு, இந்தியாவிலும் உண்டு. பணம் வரும் வழிதான் வேறு. வந்த பணம் எதற்குப் போதாமல் போகிறது என்று பார்த்தால், இரு நாட்டுக்கும் ஒரே பதில்தான்.

யாழ்ப்பாணத்தில் கொடைக்கு ஊற்று ஊர்ப்பாசம். கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருக்கும் ஊர் ஒன்றியங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஒன்றுகூடல், நடைபவனி என்று நடத்திக் காசு சேர்த்து அனுப்புகின்றன. பிள்ளையின் பிறந்தநாளுக்கும் அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கும் ஏதாவதொரு இல்லத்தில் மதியச் சாப்பாடு கொடுக்கும் குடும்பங்கள் ஏராளம். கோண்டாவிலில் ஆறு. திருமுருகன் தொடங்கிய சிவபூமிப் பாடசாலை, பார்வையற்ற பிள்ளைகளுக்கான சுன்னாகம் வாழ்வகம் போன்றவற்றுக்கு இத்தகைய பரிவு பெரிய துணை. ஊரில் ஒரு பாடசாலை அதிபரோ குருக்களோ சொன்னால் வெளிநாட்டில் இருப்பவர் மறுபேச்சில்லாமல் அனுப்பிவிடுவார். அந்த நம்பிக்கைக்கு ரசீது தேவைப்படுவதில்லை.

இந்தியாவில் கொடையோடு சட்டமும் சேர்ந்தே வருகிறது. பழைய வருமானவரி முறையைத் தேர்ந்தெடுப்பவருக்கு நன்கொடைக்கு வரிக்கழிவு உண்டு. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டும். வெளிநாட்டு நன்கொடையோ, 2020 திருத்தத்துக்குப் பிறகு, டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக் கணக்கு வழியாகத்தான் உள்ளே வர முடியும். யாழ்ப்பாணத்துக்கு வருவதுபோல ஒரு ஊர்ச் சங்கத்தின் பணம் நேராக ஒரு கிராமத்து இல்லத்துக்கு வர வழியில்லை.

இன்னொரு பக்கம், மிலாப், கெட்டோ போன்ற இணையத் தளங்கள் முன்பின் அறியாதவர்களையும் கொடையாளர்களாக்கிவிட்டன. 2021இல் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்து மாட்டூலில், முதுகுத்தண்டு தசைச்சிதைவு நோயுள்ள ஒரு குழந்தையின் மருந்துக்கு 18 கோடி ரூபாய் ஒரு வாரத்துக்குள் சேர்ந்தது. தொகை இவ்வளவு, வாங்க வேண்டிய மருந்து இது என்று தெளிவாகத் தெரிந்தால் மக்கள் எவ்வளவு அள்ளிக் கொடுப்பார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆனால் மூளை முடக்குவாதமுள்ள குழந்தைக்கு அப்படி ஒரு தொகையைச் சொல்லிவிட முடியாது. வாரந்தோறும் பயிற்சி, வளர வளர மாற்ற வேண்டிய கால் தாங்கி, பல ஆண்டுகளுக்குப் பேருந்துக் கட்டணம், வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருக்கும் தாயின் வருமான இழப்பு என்று அது நீண்டுகொண்டே போகும். கூடவே, மேடையில் மாலைபோட்டுக் கொடுக்கும் சக்கர நாற்காலி பெரியவர்களின் அளவில் இருக்கும். ஆறு வயதுப் பிள்ளையின் பாதம் மிதிபலகைக்கு எட்டாது. உடல் ஒருபக்கம் சாய்ந்துவிடும். தாய் பழைய சேலையை மடித்து இரு பக்கமும் அண்டை கொடுப்பார். பிள்ளையை அளந்து பார்த்து நாற்காலியைச் சரிசெய்ய ஒரு பயிற்சியாளர் வேண்டும். அவருடைய சம்பளத்துக்கு இரு நாட்டிலும் புரவலர் கிடைப்பது அரிது.

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் காட்டும் வழி இங்கே முக்கியமானது. பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் கிராமங்களில் வீடு தேடிச் சென்று குழந்தைக்குப் பயிற்சி தருகிறார்கள். நிபுணர்கள் கைபேசிச் செயலி வழியாக அவர்களுக்குத் துணை நிற்கிறார்கள். தாய்க்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். இப்படிப்பட்ட வேலைக்குத் தேவைப்படுவது கட்டடத்தைவிட ஆட்கள். ஆட்களுக்கு மாதாமாதம் சம்பளம்.

இரு வழக்கங்களும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்கலாம். திவசமும் பிறந்தநாளும் ஆண்டுதோறும் தவறாமல் வருவதால் யாழ்ப்பாணத்துக் கொடைக்கு ஒரு தொடர்ச்சி இருக்கிறது. ஒருமுறை உருகிக் கொடுத்துவிட்டு மறந்துபோகும் இணையக் கொடையாளருக்கு அந்தத் தொடர்ச்சி வேண்டும். தணிக்கை செய்த கணக்கை ஆண்டுதோறும் வெளியிடும் ஒழுங்கு இலங்கைச் சங்கங்களுக்கு வேண்டும். ஒருவர் சொல்லை நம்பி வரும் பணம் அவருக்குப் பின்னும் வரவேண்டுமென்றால் கணக்குத்தான் அந்த நம்பிக்கையைக் காக்கும்.

சாப்பாடு கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. பல இல்லங்களில் உணவுக்கு நாட்கள் முன்கூட்டியே பதிவாகிவிடுகின்றன. அதே பதிவேட்டில் ‘பயிற்சியாளர் சம்பளம்’ என்று பன்னிரண்டு மாதங்களுக்கும் ஒரு பக்கம் திறக்கட்டும். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு மாதத்தை ஏற்கலாம். ஒரு ஊர் ஒன்றியம் மூன்றாண்டுகளை ஏற்கலாம். அப்பாவின் பெயரில் ஒரு குழந்தை நிமிர்ந்து உட்காரப் பழகினால், அதைவிடச் சிறந்த நினைவுக் கொடை வேறில்லை.