ஓர் எழுத்தில் ஆயிரம் மறுப்பு: பஹியா ஷெஹாபின் வனப்பெழுத்து



ஜொகூர்பாரு சாலை எதிலும் பத்து நிமிடம் நடந்தால் ரூமி, சீனம், தமிழ் எழுத்துகள் கண்ணில் படும். அரசுக் கட்டடம் வந்துவிட்டால் ஜாவியும் சேர்ந்துகொள்ளும். நம் ரிங்கிட் நோட்டிலும் ஜாவி உண்டு. தினமும் பார்க்கிறோம், நின்று கவனிப்பதுதான் இல்லை. எழுத்து படிப்பதற்கு மட்டும்தானா, பார்ப்பதற்கும் சிந்திப்பதற்கும் உரியதா? இந்தக் கேள்வியை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட ஓர் அரபுப் பெண் கலைஞரைப் பற்றியது இக்கட்டுரை.

இந்தத் தலைப்பைத் தொட்டாலே நம்மில் பலருக்கு 2019 நினைவுக்கு வரும். நான்காம் ஆண்டு மலாய்மொழிப் பாடநூலில் காட் வனப்பெழுத்தைச் சேர்க்கும் அறிவிப்பு வந்தபோது, தமிழ், சீனப்பள்ளிச் சமூகங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. பிறகு ஆறு பக்கம் மூன்றாகக் குறைந்தது; பெற்றோர் சம்மதமும் நிபந்தனையானது. பாடத்திட்டத்தை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அந்தச் சூட்டில் அந்த எழுத்தின் அழகையும் வரலாற்றையும் பேசவே கூச்சப்படும் நிலைக்கு வந்துவிட்டோம். இரண்டும் வேறு வேறு. பஹியா ஷெஹாபின் படைப்புகளைப் பார்த்தால் அந்த வேறுபாடு தெளிவாகும்.

வாழ்க்கைச் சுருக்கம்

1977-இல் லெபனான் தலைநகர் பெய்ரூட்டில் பிறந்தவர். அங்குள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் வரைகலை பயின்றார். பின்னர் கெய்ரோவிலுள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கலையில் முதுகலை முடித்து, அங்கேயே வரைகலைப் படிப்பைத் தொடங்கிப் பேராசிரியரானார். யுனெஸ்கோ-ஷார்ஜா அரபுப் பண்பாட்டுப் பரிசைப் பெற்ற முதல் அரபுப் பெண் இவர். 2020-இல் ஹைதம் நவாருடன் இணைந்து அரபு வரைகலையின் வரலாற்றை நூலாக எழுதினார். கலைஞர், ஆய்வாளர், ஆசிரியர் என்ற மூன்று முகங்களும் இவரிடம் பிரியாமல் இருக்கின்றன. அவருடைய கலையின் பலமே அதுதான்.

ஆயிரம் ‘லா’

2010-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடந்த கண்காட்சிக்கு, அரபு எழுத்தைக் கொண்டு ஒரு படைப்பு செய்யச் சொன்னார்கள். ஷெஹாப் தேர்ந்தெடுத்தது ஒரே சொல்: ‘லா’. லாம், அலிஃப் என்ற இரண்டு எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னி ஒரே வடிவமாக நிற்கும் சொல் அது. பொருள், இல்லை.

“ஒரே எழுத்துதானே டீச்சர், அதுல என்ன இருக்கு?” என்று மாணவர் கேட்கலாம். அங்கேதான் உழைப்பு தெரிகிறது. 1,400 ஆண்டுகளில் பள்ளிவாசல், கல்லறை, தட்டு, துணி, ஏடு எனப் பலவற்றில் எழுதப்பட்ட ‘லா’ வடிவங்களை ஸ்பெயின் தொடங்கிக் கிழக்கே நெடுந்தொலைவு வரை தேடி, ஆயிரம் சேர்த்தார். இஸ்லாத்தின் அடிப்படை உறுதிமொழியே ‘லா’ என்ற மறுப்பில்தான் தொடங்குகிறது. ஆகவே இந்த வடிவத்தை அழகுபடுத்தாத தலைமுறையே இல்லை எனலாம். ஆயிரத்தையும் 3 மீட்டருக்கு 7 மீட்டர் அளவில் கண்ணாடிபோன்ற திரையில் தொங்கவிட்டார். பக்கத்திலேயே ஒரு நூல் இருந்தது. ஒவ்வொரு ‘லா’வும் எந்தக் காலத்தது, எதன்மேல் எழுதப்பட்டது, யார் எழுதச் சொன்னது என்ற விவரத்தோடு கால வரிசையில் தொகுத்த நூல் அது.

சுவருக்குப் போன எழுத்து

2011 ஜனவரியில் எகிப்தில் மக்கள் கிளர்ச்சி வெடித்தது. அதே ஆண்டின் இறுதியில் ஷெஹாப் அச்சுத்தகடும் வண்ணத் தெளிப்பானும் எடுத்துக்கொண்டு கெய்ரோ வீதிக்கு வந்தார். நூலில் இருந்த ‘லா’க்கள் ஒவ்வொன்றாகச் சுவரேறின: இராணுவ ஆட்சிக்கு இல்லை, வன்முறைக்கு இல்லை, நூல்களை எரிப்பதற்கு இல்லை. ஒரு பெண் போராளியின் ஆடை விலகும்படி படைவீரர்கள் அவரைத் தெருவில் இழுத்துச் சென்ற காட்சி உலகை உலுக்கியபோது, ஷெஹாப் அந்தப் பெண்ணின் முகத்தையோ உடலையோ வரையவில்லை. நீல உள்ளாடை ஒன்றை மட்டும் வரைந்து, ஆடை உரிவதற்கு ‘இல்லை’ என்றார். அருகில் ஒரு காலடித்தடம். அதன் கோடுகளே அமைதிப் புரட்சியை வாழ்த்தும் எழுத்துகள். அவமானப்பட்டவரை மறுபடியும் காட்சிப்பொருளாக்காத அந்த நிதானம்தான் கலைஞரின் தரம்.

நிறையும் குறையும்

முதலில் நிறை. கோபம் வந்தால் சுவரில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஷெஹாப் கோபத்துக்கு முன்பே படித்திருந்தார். பழைய கைவினைஞர் பக்தியோடு செதுக்கிய வடிவத்தை அதிகாரத்தை நோக்கித் திருப்பும்போது, மரபு முழுவதும் போராடுபவர் பக்கம் வந்து நிற்கிறது. வனப்பெழுத்து வெறும் அலங்காரம் என்ற எண்ணமும் ஒரே சமயத்தின் சொத்து என்ற எண்ணமும் இங்கே உடைகின்றன.

இப்போது குறை. பின்னாளில் கெய்ரோ வீதி கைவிட்டுப் போனபோது, வான்கூவர், நியூயார்க், டோக்கியோ போன்ற நகரங்களில் பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷின் வரிகளைச் சுவரோவியமாக்கினார். பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் வழிப்போக்கருக்கு அரபு தெரியாது. எழுத்து மறுபடியும் அலங்காரமாகிவிடுகிறது. கெய்ரோவில் ‘லா’வைப் படித்தவர் அதிர்ந்தார், டோக்கியோவில் பார்ப்பவர் படம் எடுத்துக்கொண்டு போகிறார். படிப்பவர் இல்லாத இடத்தில் எழுத்தின் பாதி உயிர் போய்விடுகிறது என்பதே என் கருத்து. தெரியாத எழுத்தின்முன் ஒரு கணம் நிற்பதும் பண்பாட்டு உறவுதானே என்று எதிர்வாதம் செய்யலாம். மாணவர்கள் இரு பக்கமும் வாதிட்டுப் பார்க்கலாம்.

நமக்கு என்ன?

‘இராணுவ ஆட்சிக்கு இல்லை’ என்று மேலே எழுதியது உங்களுக்கு உறுத்தியிருக்கும். தமிழ் அப்படிப் பேசாது. ‘இராணுவ ஆட்சி கூடாது’ என்போம். மறுப்புக்கு இல்லை, அல்ல, வேண்டாம், கூடாது, மாட்டேன், முடியாது என ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு சொல் வைத்திருக்கும் மொழி நம்முடையது. அரபுக்கு இந்த இடங்களில் பலவற்றுக்கும் ஒரு ‘லா’ போதும்; கலைஞருக்கு அந்த ஒருமை வசதி. மறுப்புச் சொற்களைப் பாடமாக்க இதைவிட நல்ல வாசல் கிடைக்காது.

இன்னொன்றும் உண்டு. ‘இல்லை’ என்ற சொல்லின் ‘லை’ ஒரு காலத்தில் யானைத் துதிக்கைபோல் வளைந்த கொம்போடு எழுதப்பட்டது. 1935-இல் பெரியார் தம் இதழில் கையாண்ட சீர்திருத்தத்தை 1978-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்றது. பின்னர் நம் பாடநூல்களிலும் புதிய ‘லை’யே வந்தது. படிக்க எளிதானது, உண்மைதான். ஆனால் பழைய ‘லை’யைப் பார்த்தால் இன்றைய மாணவர் திணறுகிறார். பழைய கோயில் கல்வெட்டு, தாத்தா காலத்துக் கடிதம், தோட்டத்துக் கல்லறை இவற்றில் அது இன்னும் இருக்கிறது. தோட்டங்கள் மறைய மறைய, அந்த எழுத்துகளும் மறைகின்றன. அரபுக்கு ஆயிரம் ‘லா’ தொகுக்க ஒருவர் முன்வந்தார். நமக்கு நூறு ‘லை’யாவது தொகுக்க யார் வருவார்? ஒரு வகுப்பு, ஒரு கைப்பேசி, ஒரு விடுமுறை போதும். எங்கே, எப்போது, எதன்மேல் என்று குறிப்பு எழுதி வைத்தால் போதும். அதுவே ஆய்வின் தொடக்கம்.

பயிற்சி வினாக்கள்

1. படிக்கத் தெரியாத எழுத்து கலையாக முடியுமா? இருபக்கக் கருத்துகளையும் எடுத்துக்காட்டி 150 சொற்களில் எழுதுக.
2. பாதிக்கப்பட்டவரின் உருவத்தைக் காட்டாமல் விட்டதை நீங்கள் எப்படி மதிப்பிடுகிறீர்கள்?
3. இல்லை, அல்ல, வேண்டாம், கூடாது, மாட்டேன் ஆகியவற்றின் பொருள் வேறுபாட்டை வாக்கியங்களில் காட்டுக.
4. உங்கள் ஊரில் பழைய ‘லை’ வடிவம் உள்ள ஓர் எழுத்தைக் கண்டு, அதன் இடம், காலம், பொருள் பற்றிக் குறிப்பு எழுதுக.