முகமும் பாத்திரமும் – ஒரு நோக்கு

மக்கள் மனத்தில் ஆழப் பதிந்துவிட்ட கதைமாந்தர் ஒருவரைப் புதிய திரைப்படத்தில் வேறொரு நடிகர் ஏற்கும்போது எதிர்ப்பு எழுவது இயல்பு. சுவைஞர் நேசித்தது பாத்திரத்தையா, அதனை ஏற்ற நடிகரின் முகத்தையா என்னும் வினா அப்போது முன்னிற்கின்றது. அறிவியற் புனைகதைப் படங்களில் இவ்வினா மேலும் கூர்மை பெறும். முன்பின் அறியாத கோள்களும் இயந்திரங்களும் நிறைந்த அவ்வுலகில், பார்வையாளர் பற்றிக்கொள்ளும் மானிடத் துணை அந்த முகமே.

1966 முதல் 1969 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் ஸ்பொக் என்னும் பாத்திரத்தை லெனார்ட் நிமோய் ஏற்றிருந்தார். 2009இல் ஜே. ஜே. ஏப்ரகாம்ஸ் இயக்கிய திரைப்படத்தில் அவ்வேடம் சக்கரி குயின்டோவிடம் சென்றது. பாதி வல்கனும் பாதி மனிதனுமான ஸ்பொக்கின் உயிர்நிலை, அறிவுக்கும் உணர்ச்சிக்கும் இடையே ஓயாது நிகழும் போராட்டமாகும். குயின்டோ அப்போராட்டத்தைப் பற்றிக்கொண்டார். தாயையும் தாய்க்கோளையும் ஒருங்கே இழந்தவனின் அடக்கப்பட்ட சினமாக அதனை வெளிக்கொணர்ந்தார். அதே படத்தில் எதிர்காலத்திலிருந்து வரும் முதிய ஸ்பொக்காக நிமோயும் தோன்றுகின்றார். இருவரும் நேர்நின்று பேசும் காட்சி, மூத்த கலைஞர் தம் வேடத்தை இளையவரிடம் கையளிப்பது போன்றே அமைந்துள்ளது.

ஈழத்துக் கூத்து மரபை அறிந்தோருக்கு இது புதுமையன்று. காத்தவராயன் கூத்தில் ஓரிரவுக்குள்ளேயே பாலகாத்தான், முன்காத்தான், பின்காத்தான் என ஒரே பாத்திரத்தைப் பலர் ஏற்பர். ஒருவர் களரியை விட்டு நீங்க மற்றொருவர் புகுவார். முகமும் குரலும் உயரமும் மாறும். ஆயினும் ஆரியமாலையை நாடிச் சென்றவனே கழுமரமேறுகின்றான் என்பதில் சபையோருக்கு ஐயம் எழுவதில்லை. பாட்டின் மெட்டும் ஆட்டமும் பாத்திரத்தின் தீராத வேட்கையும் அவனை ஒருவனாகவே நிலைநிறுத்துகின்றன.

தமிழ்த் திரையுலகு இம்மரபிலிருந்து வெகுதூரம் விலகிவிட்டது. ஷங்கரின் 'எந்திரன்' (2010) படத்தில் சிட்டி என்னும் இயந்திர மனிதனை மனிதத்தன்மைக்கு இட்டுச் சென்றவள் சனா. அவள்மீது கொண்ட காதலும் அதன் விளைவான பொறாமையுமே அப்பாத்திரத்தின் எழுச்சிக்கும் வீழ்ச்சிக்கும் காரணங்கள். சனாவாக நடித்த ஐஸ்வர்யா ராய், 2018இல் வெளிவந்த '2.0' படத்தில் இடம்பெறவில்லை. வேறொரு நடிகையைத் துணிந்து தேர்ந்திருக்கலாம். படமோ சனாவைத் தொலைபேசிக் குரலாகச் சுருக்கிவிட்டது. நிலா என்னும் இயந்திரப் பெண் புதிதாகப் புகுந்தும் அவ்விடம் நிரம்பவில்லை. முன்னைய முகத்துக்கு மதிப்பளிப்பதாகத் தோன்றும் இம்முடிவு, உண்மையில் பாத்திரத்தையே பலியிட்டது. அதன் விளைவாகச் சிட்டியின் மீள்வருகையும் முன்னைய உணர்ச்சிச் செறிவை இழந்து, போர்க்கருவி ஒன்றின் மீள்வருகையாகச் சுருங்கிற்று.

நெருங்கிய காட்சியிற் பதியும் முகத்தை, விளக்கொளியில் தொலைவிலிருந்து காணும் கூத்தனின் முகத்தோடு ஒப்பிடலாகாது என ஒருவர் வாதிடக்கூடும். அதில் உண்மை உண்டு. திரைமுகம் நினைவில் வலுவாகத் தங்குவதனாலேயே, புதிய நடிகரைத் தெரிபவருக்குப் பொறுப்பும் மிகுகின்றது. முகச்சாயலைத் தேடுவதினும் பாத்திரத்தின் உள்ளியல்பைத் தேடுவதே அப்பொறுப்பாகும்.

கலைஞர் மறைவர், சிதறியும் போவர். 1997இல் தொடங்கிய ஜெயசிக்குறு நடவடிக்கை கனகராயன்குளம் உள்ளிட்ட ஏ-9 வீதியோரக் கிராமங்களை இடம்பெயரச் செய்தது. இத்தகைய இடப்பெயர்வுகளில் சிதறும் ஊரொன்றில் ஒரு வேடம் அதனைக் கட்டியவரோடு முடிந்துவிடுமாயின், கூத்தும் அவரோடு முடிந்துவிடும். இளையவரொருவர் அதனை ஏற்றாடத் துணியும் வரையிலேயே அது வாழும். விண்வெளிக் கதையாயினும் வன்னிக் களரியாயினும் இந்நியதி ஒன்றே.